தரகும் உரிமமும்: கொங்கு நாட்டு மனை விற்பனையில் முகவர் பொறுப்பின் சட்ட வரலாறு – சோமனூர் வட்டாரத்தை முன்வைத்து

ஆய்வுச் சுருக்கம்

நிலம் விற்பவரையும் வாங்குபவரையும் சேர்த்து வைக்கும் தரகர், தமிழக ஊர்களில் நெடுங்காலமாக இயங்கி வருபவர். ஆயினும் அவருடைய தொழில் உரிமத்துக்கு உட்பட்டது 2016ஆம் ஆண்டின் வீடு மனை விற்பனை (ஒழுங்குமுறை மற்றும் மேம்படுத்துதல்) சட்டத்திற்குப் பின்னரே ஆகும். அதற்கு முன்னிருந்த பதிவுச் சட்டம் ஆவணத்தையும், ஒப்பந்தச் சட்டம் முகவரை அமர்த்தியவரையும், நகரமைப்புச் சட்டம் மனைப்பிரிவின் அமைப்பையும் காத்தன. வாங்குபவருக்குத் தரகர் செய்ய வேண்டிய கடமையை அவற்றுள் எதுவும் தனியாக வகுக்கவில்லை. இந்த இடைவெளியை 2016ஆம் ஆண்டுச் சட்டம் எவ்வளவு நிரப்பியது, எவ்வளவு விட்டுவைத்தது என்பதைச் சோமனூர் போன்ற கொங்கு விசைத்தறி ஊர்களின் சிறுமனை விற்பனையோடு பொருத்தி இக்கட்டுரை ஆராய்கிறது. சட்டத்தில் முகவருக்கான வரையறை அகன்றும், அவருக்கான பதிவுக் கடமை குறுகியும் இருப்பதால், முகவராக விழைவோர் பழைய சட்டங்களின் அறிவையே முதன்மைத் தகுதியாகக் கொள்ள வேண்டியுள்ளது என்பது இக்கட்டுரையின் முடிவு.

திறவுச்சொற்கள்: தரகு, மனை முகவர், பதிவுச் சட்டம், மனைப்பிரிவு, பொது அதிகார ஆவணம், ரெரா, சோமனூர், கொங்கு நாடு.

முன்னுரை

கோயம்புத்தூர் மாவட்டத்தின் கிழக்குப் பகுதியில், அவிநாசிச் சாலையில் உள்ள கருமத்தம்பட்டியை ஒட்டி அமைந்த ஊர் சோமனூர். கோவைக்கும் திருப்பூருக்கும் இடையிலான இருப்புப்பாதையில் இவ்வூருக்கு ஒரு நிலையம் உண்டு. நூல் வணிகரிடமிருந்து பாவும் ஊடையும் பெற்றுக் கூலிக்கு நெய்து கொடுக்கும் விசைத்தறிக் கூடங்களே இவ்வட்டாரத்தின் அடையாளம். தறிக்கூலியில் மிச்சப்படுத்திய பணம் பெரும்பாலும் இரண்டு வழிகளில் போகும். ஒன்று மேலும் ஒரு தறி. மற்றொன்று மூன்று நான்கு சென்ட் நிலம். கொங்கு வழக்கில் ‘சைட்’ எனப்படும் அந்தச் சிறுமனை, குடும்பத்தின் வாழ்நாள் சேமிப்பாக இருப்பது இயல்பு.

அச்சேமிப்பு கைமாறும் நாளில் வாங்குபவர் முதலில் சந்திப்பது வழக்கறிஞரையோ சார்பதிவாளரையோ அன்று. ஊர் அறிந்த தரகர் ஒருவரையே அவர் சந்திக்கிறார். எந்தப் பூமி விற்பனைக்கு வருகிறது, அதன் மூலப்பத்திரம் யாரிடம் உள்ளது, பங்காளிகள் எத்தனை பேர், தடம் யாருடையது என்பனவற்றை அவர் வாய்வழியாகவே வாங்குபவர் அறிகிறார். அவ்வாறிருக்க, தரகர் சொன்னது பொய்த்துப்போனால் சட்டம் அவரை எவ்வாறு பொறுப்பாக்கியது என்னும் வினா எழுகிறது. இவ்வினாவுக்கான விடையைக் கால வரிசையில் தேடுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

1. தோட்டமும் காடும் மனையாதல்

1799இல் திப்பு சுல்தான் வீழ்ந்தபின் கோயம்புத்தூர்ப் பகுதி கிழக்கிந்தியக் கம்பெனியின் ஆட்சிக்கு வந்தது. இங்கு வேரூன்றிய இரயத்துவாரி முறையில் உழவரே அரசுக்கு நேரடியாக வரி செலுத்தினார். நிலம் அளக்கப்பட்டுப் புலந்தோறும் எண் இடப்பட்டது. பட்டா, சிட்டா, அடங்கல், ‘அ’ பதிவேடு, புல வரைபடம் என இன்றும் வழங்கும் வருவாய் ஆவணங்கள் இந்த ஏற்பாட்டின் வழிவந்தவை. அவற்றின் முதல் நோக்கம் வரி யாரிடம் தண்ட வேண்டும் என்பதை அறிவதே. பட்டா ஒன்றே உரிமையை நிலைநாட்டிவிடாது என்று நீதிமன்றங்கள் தொடர்ந்து கூறிவருவதற்குக் காரணம் இத்தோற்றத்தில் உள்ளது. 1979 முதல் 1987 வரை தமிழ்நாட்டில் நடைபெற்ற நில உடைமைப் பதிவு மேம்பாட்டுத் திட்டம் இப்பதிவேடுகளைப் புதுப்பித்தது. அப்போது நேர்ந்த பெயர்ப் பிழைகளும் உட்பிரிவுப் பிழைகளும் இன்றைய கிரயங்களிலும் தலைகாட்டுகின்றன.

கொங்கு உழவர் நிலத்தைக் கிணற்றுப் பாசனமுள்ள ‘தோட்டம்’ என்றும், மழையை நம்பிய ‘காடு’ என்றும் வழங்குவர். தோட்டங்களுக்கு இடையே வேலிகள் சூழ்ந்த இட்டேரிகள் ஊரையும் வயலையும் இணைத்தன. விசைத்தறியும் பின்னலாடையும் வளர்ந்த காலத்தில் இத்தோட்டங்களும் காடுகளும் மனைகளாகப் பிரிக்கப்பட்டன. ஏக்கரில் பேசப்பட்ட நிலம் சென்ட்டில் பேசப்படலாயிற்று. ஏக்கரில் விற்கும்போது வாங்குபவரும் விற்பவரும் பெரும்பாலும் அக்கம்பக்கத்து உழவர்கள்; நிலத்தின் வரலாறு இருவருக்கும் தெரியும். சென்ட்டில் விற்கும்போது வாங்குபவர் வேற்றூரார். அவருக்கும் நிலத்துக்கும் இடையே தரகரின் சொல் மட்டுமே நின்றது. தரகரின் முதன்மை பெருகியதற்கு விலையேற்றத்தைவிட இந்த அறியாமையே அடிப்படைக் காரணம் எனலாம்.

2. ஆவணத்தைக் காத்த சட்டங்கள்

சோழர் காலக் கல்வெட்டுகளில் காணப்படும் ‘விலையாவணம்’, ‘ஆவணக்களரி’ என்னும் சொற்கள், நில விற்பனையை எழுத்தில் பதிந்து ஊரறியச் செய்யும் மரபு தமிழகத்தில் பழமையானது என்பதைக் காட்டுகின்றன. எனினும் இன்றைய பதிவுமுறை 1864ஆம் ஆண்டின் பதிவுச் சட்டத்திலிருந்து தொடங்குகிறது. பல திருத்தங்களுக்குப் பின் 1908ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டமாக அது நிலைபெற்றது. அதன் 17ஆம் பிரிவு அசையாச் சொத்துரிமை மாற்றும் ஆவணங்களுக்குப் பதிவைக் கட்டாயமாக்கியது. கட்டாயப் பதிவுக்குரிய ஆவணம் பதிவாகாவிடில் அது சொத்தின்மீது விளைவு எதையும் உண்டாக்காது என்பது 49ஆம் பிரிவு.

இதனோடு சேர்த்துப் படிக்க வேண்டியது 1882ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டம். அதன் 54ஆம் பிரிவு, விற்பனைக்கான உடன்படிக்கை தன்னளவில் சொத்தில் எந்த உரிமையையும் தோற்றுவிப்பதில்லை என்கிறது. முன்பணம் கொடுத்து உடன்படிக்கை எழுதியவர் நிலத்துக்கு உரிமையாளர் ஆகிவிடுவதில்லை; கிரயப் பத்திரம் பதிவானால்தான் ஆவார். 55ஆம் பிரிவு, உரிமையில் உள்ள முக்கியமான குறைகளை விற்பவர் வாங்குபவருக்கு வெளிப்படுத்த வேண்டும் என்று கட்டளையிடுகிறது. இங்குக் கவனிக்கத்தக்கது, அக்கடமை விற்பவரைச் சார்ந்தது என்பதே. தரகரைப் பற்றி இப்பிரிவில் ஒரு சொல்லும் இல்லை.

மேலும், 1929ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி, பதிவு செய்யப்பட்ட ஆவணத்தைப் பின்னர் அச்சொத்தை வாங்குபவர் அறிந்தவராகவே கருதப்படுவார். வில்லங்கச் சான்றில் உள்ள ஒரு அடமானத்தை ‘எனக்குத் தெரியாது’ என்று அவர் சொல்ல இயலாது. ஆவணத்தைத் தேடி அறியும் சுமை முழுவதையும் வாங்குபவர்மேல் சட்டம் ஏற்றிவிட்டது. படிப்பறிவோ சட்ட அறிவோ குறைந்த தறித்தொழிலாளி அச்சுமையைத் தரகரிடம் ஒப்படைத்தார். சட்டமோ அந்த ஒப்படைப்பைக் கண்டுகொள்ளவில்லை.

பதிவு அலுவலர் ஆவணத்தைப் பதிகிறாரேயன்றி உரிமையைத் தீர்மானிப்பதில்லை. தமிழ்நாட்டுப் பதிவு விதிகளில் முன்னை மூல ஆவணத்தைக் கேட்கும் 55ஏ விதியின் ஒரு பகுதி செல்லாது என 2025 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தபோதும் இக்கோட்பாடே வலியுறுத்தப்பட்டது. ஆகவே ‘பத்திரம் பதிவாகிவிட்டது, இனிப் பயமில்லை’ என்னும் தரகர் கூற்று சட்டப்படி அரைகுறை உண்மையாகும்.

3. ஒப்பந்தச் சட்டத்தில் முகவர்

தரகரைச் சட்டம் முதன்முதலில் தெளிவாகக் கண்டது 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டத்தில் ஆகும். பிறருக்காகச் செயலாற்றவோ மூன்றாமவரோடான நடவடிக்கையில் பிறர் சார்பில் நிற்கவோ அமர்த்தப்பட்டவர் முகவர் என 182ஆம் பிரிவு வரையறுக்கிறது. அவரை அமர்த்தியவர் முதன்மையாளர். முகவர் தம்மை அமர்த்தியவரின் அறிவுறுத்தலின்படி நடக்க வேண்டும் (பிரிவு 211). தொழிலுக்கு வேண்டிய திறமையோடும் அக்கறையோடும் செயலாற்ற வேண்டும் (212). கேட்கும்போது கணக்குக் காட்ட வேண்டும் (213). முதன்மையாளருக்குத் தெரியாமல் தம் சொந்த ஆதாயத்துக்காக நடவடிக்கையில் ஈடுபட்டால், கிடைத்த ஆதாயத்தை முதன்மையாளர் கோரிப் பெறலாம் (216). தவறான நடத்தைக்கு உள்ளான பணிக்கு அவருக்குக் கூலி இல்லை (220).

இப்பிரிவுகள் கொங்கு வட்டாரத்தில் வழங்கும் ஒரு நடைமுறையை நேரடியாகத் தொடுகின்றன. உழவரிடம் சென்ட்டுக்கு ஒரு விலை பேசி, சிறிய முன்பணம் தந்து, வாங்குபவரிடம் அதைவிட உயர்ந்த விலை பேசி, இடைப்பட்ட தொகையைத் தாமே வைத்துக்கொள்ளும் முறை அது. அவர் தம் பெயரில் உண்மையாகவே வாங்குபவராக இருந்தால் அது வணிகம். உழவரின் முகவராக இருந்துகொண்டே அவரறியாமல் அவ்வாறு செய்தால், அந்த வேறுபாட்டுத் தொகை சட்டப்படி உழவருக்கு உரியது. இந்த வேறுபாட்டை அறிவது முகவர் தொழிலின் அரிச்சுவடி. ஆனால் முகவரை அமர்த்துவதற்கு எழுத்து வேண்டும் என்று ஒப்பந்தச் சட்டம் கூறவில்லை. வாய்மொழியில் தொடங்கிய உறவில் யார் யாருக்கு முகவர் என்பதை மெய்ப்பிப்பதே கடினமாயிற்று.

தரகுக் கூலி எப்போது உரியதாகும் என்னும் வினாவை இந்திய உச்ச நீதிமன்றம் தன் தொடக்க ஆண்டிலேயே, 1950இல், கல்கத்தா வீடு ஒன்றைப் பற்றிய வழக்கில் எதிர்கொண்டது. வீட்டுத் தரகர் வாங்குபவரைத் தேடித் தருபவரேயன்றி, தனியே அதிகாரம் தரப்பட்டாலொழிய உரிமையாளரைக் கட்டுப்படுத்தும் விற்பனை ஒப்பந்தத்தை முடிக்கும் அதிகாரம் உடையவர் அல்லர் என்று நீதிமன்றம் கொண்டது. அதே வேளை, உரிமையாளர் கேட்டவாறு வாங்குபவரைக் கொண்டுவந்த தரகருக்குக் கூலி உண்டு என்றும் தீர்ப்பளித்தது.

ஆயினும் இக்கடமைகள் அனைத்தும் முகவருக்கும் அவரை அமர்த்தியவருக்கும் இடையிலானவை. விற்பவர் அமர்த்திய தரகருக்கும் வாங்குபவருக்கும் இடையே ஒப்பந்த உறவு கிடையாது. முகவர் தம் அதிகார எல்லைக்குள் செய்த பொய்க்கூற்று, விற்பவரே செய்தது போன்ற விளைவைத் தரும் என்கிறது 238ஆம் பிரிவு. அதன்படி வாங்குபவர் விற்பவர்மேல் பாயலாம். தரகரைத் தனியே பொறுப்பாக்க வேண்டுமானால் வஞ்சகம் அல்லது மோசடி என்று மெய்ப்பிக்க வேண்டும். கவனக்குறைவால் தவறாகச் சொன்ன தரகர் இவ்விரண்டுக்கும் நடுவே எளிதில் நழுவினார்.

4. பருத்தித் தரகருக்கு முந்தி வந்த உரிமம்

தரகுத் தொழிலுக்கு உரிமம் வேண்டும் என்னும் எண்ணம் கொங்கு நாட்டுக்குப் புதிதன்று. லின்லித்கோ தலைமையிலான வேளாண்மை அரச ஆணையம் 1928இல் அளித்த அறிக்கை, உழவர் விளைபொருள் விற்கும் இடங்களை ஒழுங்குபடுத்தப் பரிந்துரைத்தது. அதன் தொடர்ச்சியாக 1933இல் சென்னை வணிகப்பயிர்ச் சந்தைகள் சட்டம் இயற்றப்பட்டது. அச்சட்டத்தின்கீழ் சோமனூருக்கு அண்மையிலுள்ள திருப்பூரில் பருத்திக்கான ஒழுங்குமுறை விற்பனைக்கூடம் 1936இல் தொடங்கப்பட்டது. அங்கு வாங்குவோரும் தரகரும் எடையாளரும் உரிமம் பெற்ற பின்னரே தொழில் செய்யலாயினர்.

ஒரு வண்டிப் பருத்தியை விற்றுத் தரும் தரகருக்கு 1930களிலேயே உரிமம் தேவைப்பட்டது. அப்பருத்தி விளைந்த தோட்டத்தை விற்றுத் தரும் தரகருக்கு அடுத்த எண்பது ஆண்டுகளுக்கு எவ்வுரிமமும் தேவைப்படவில்லை. இம்முரணுக்கு ஒரு விளக்கம் கூறலாம். பருத்தி விற்பனையில் ஏமாற்றப்படுபவர் உழவர்; அவர் வரி செலுத்துபவராதலால் அரசின் கவனத்தில் இருந்தார். நில விற்பனையில் பதிவேடு ஒன்று முன்னரே இருந்தது. எனவே ஏமாற்றைப் பதிவேடே தடுக்கும் என்று அரசு கருத இடமிருந்தது. பதிவேட்டைப் படித்துச் சொல்லும் மனிதரை ஒழுங்குபடுத்த வேண்டும் என்ற எண்ணம் அந்நாளில் எழவில்லை.

பிற நாடுகளில் இவ்வெண்ணம் முன்னரே தோன்றியது. அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலம் முதல் உலகப்போர்க் காலத்தை ஒட்டியே மனை முகவர்களுக்கு உரிமச் சட்டம் கொண்டுவந்தது. இங்கிலாந்தின் 1979ஆம் ஆண்டு மனை முகவர் சட்டம் வேறு வழியைத் தேர்ந்தது: எவரும் தொழில் செய்யலாம், தகுதியற்றவர் எனக் கண்டவரைத் தடை செய்யலாம். இந்தியாவில் ஹரியானா 2008இல் சொத்து வணிகர், ஆலோசகர் ஆகியோரை ஒழுங்குபடுத்தத் தனிச் சட்டம் இயற்றியது.

5. மனைப்பிரிவு ஒழுங்கும் அங்கீகாரமற்ற மனைகளும்

மனையின் அமைப்பை ஒழுங்குபடுத்தும் சட்டங்கள் தனிப் பாதையில் வளர்ந்தன. 1920ஆம் ஆண்டின் சென்னை நகரமைப்புச் சட்டத்தை அடுத்து, தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டம், 1971 வந்தது. நிலத்தை மனைகளாகப் பிரிக்க நகர் ஊரமைப்புத் துறையின் ஒப்புதல் வேண்டும். சாலை அகலம், பொதுப் பயன்பாட்டுக்கான திறந்தவெளி ஆகியவை விதிகளில் வரையறுக்கப்பட்டுள்ளன. ஆயினும் ஊராட்சித் தலைவர் கையொப்பத்தை மட்டும் காட்டி ‘பஞ்சாயத்து அப்ரூவல்’ என விளம்பரப்படுத்தப்பட்ட மனைகள் தமிழகமெங்கும் விற்கப்பட்டன. பதிவுத்துறை பத்திரத்தைப் பதிந்தது. நகரமைப்புத் துறை மனைப்பிரிவை ஏற்கவில்லை. ஒரே அரசின் இரு கைகளும் ஒன்றையொன்று அறியாமல் இயங்கின.

இந்நிலையைச் சென்னை உயர் நீதிமன்றத்தின் 2016 செப்டம்பர் 9ஆம் நாள் ஆணை முறித்தது. அங்கீகாரமற்ற மனைப்பிரிவுகளில் உள்ள மனைகளைப் பதிவு செய்வதற்கு நீதிமன்றம் தடை விதித்தது. தொடர்ந்து, 2016 அக்டோபர் 20 முதல் பதிவுச் சட்டத்தின் 22ஏ என்னும் தமிழ்நாட்டுத் திருத்தப் பிரிவு நடைமுறைக்கு வந்தது. திட்ட அனுமதியின்றி வீட்டுமனையாக மாற்றப்பட்ட நிலம் பற்றிய ஆவணத்தையும், அரசு, கோயில், பூதான வாரியம், வக்ஃபு ஆகியவற்றின் நிலத்தை உரிய இசைவின்றி மாற்றும் ஆவணத்தையும் பதிய அது தடை செய்கிறது. 2017 மே 4இல் அங்கீகாரமற்ற மனைகளை வரன்முறைப்படுத்தும் விதிகள் வெளியாயின. 2016 அக்டோபர் 20க்கு முன் உருவானவற்றுக்குக் கட்டணம் செலுத்தி ஒழுங்குபெற வழி கிடைத்தது.

இத்தீர்வின் செலவு யாருடையது என்பது ஈண்டு எண்ணத்தக்கது. தனிமனைக்கு வரன்முறை கோரியவர் அதை வாங்கி வைத்திருந்தவர். மனையை விற்றவர் பணம் பெற்றுப் போயிருந்தார். தரகர் கூலி பெற்றுப் போயிருந்தார். தவறான மனையைக் காட்டியதற்காகத் தரகரிடம் கூலியைத் திரும்பக் கேட்க அதுவரை தனிச் சட்டவழி ஏதும் இல்லை.

6. ‘பவர்’ என்னும் குறுக்குவழி

உழவரிடமிருந்து கிரயம் பெறாமல் பொது அதிகார ஆவணம் பெற்று மனைகளை விற்கும் வழக்கம் மனைத் தொழிலில் பரவலானது. முத்திரைத் தீர்வை ஒருமுறை மிச்சமாவதே இதன் கவர்ச்சி. 2011 அக்டோபரில் சூரஜ் லேம்ப் வழக்கில் உச்ச நீதிமன்றம், பொது அதிகார ஆவணம், விற்பனை உடன்படிக்கை, உயில் ஆகியவற்றின் வாயிலாக நிகழும் ‘விற்பனை’ உரிமை மாற்றமாகாது எனத் தீர்ப்பளித்தது. இதனையடுத்துத் தமிழ்நாட்டில் அசையாச் சொத்து பற்றிய பொது அதிகார ஆவணங்களும் விற்பனை உடன்படிக்கைகளும் 2012 டிசம்பர் 1 முதல் கட்டாயப் பதிவுக்குள் கொண்டுவரப்பட்டன.

‘பவர்’ பெற்ற தரகரின் சட்ட நிலை பின்னர் மேலும் மாறியது. 2016ஆம் ஆண்டுச் சட்டம் ‘மேம்பாட்டாளர்’ என்னும் சொல்லை வரையறுக்கும்போது, மனையாக மேம்படுத்தப்படும் நிலத்தின் உரிமையாளரிடமிருந்து அதிகார ஆவணம் பெற்றவராகச் செயல்படுபவரையும் அதில் சேர்த்தது. முகவராக நுழைந்து ‘பவர்’ எழுதி வாங்கியவர், அச்சட்டத்தின்படி முகவராக நிற்பதில்லை. மேம்பாட்டாளருக்குரிய முழுப் பொறுப்பும் அவரைச் சேரும்.

7. 2016ஆம் ஆண்டுச் சட்டம்: அகன்ற வரையறை

இச்சட்டத்தின் சில பிரிவுகள் 2016 மே 1 அன்றும், எஞ்சியவை 2017 மே 1 அன்றும் நடைமுறைக்கு வந்தன. தமிழ்நாடு அரசு 2017இல் விதிகளை வகுத்தது. தமிழ்நாடு, அந்தமான் நிக்கோபார் தீவுகள் ஆகிய இரண்டுக்கும் பொதுவாகச் சென்னையில் ஒழுங்குமுறைக் குழுமம் அமைந்தது.

முகவரின் வரையறை மிக அகன்றது. பிறர் சார்பில் மனை அல்லது கட்டட மாற்றத்தைப் பேசி முடித்துக் கூலி பெறுபவர் மட்டுமல்லாமல், எந்த ஊடகத்தின் வழியாகவேனும் வாங்குபவரையும் விற்பவரையும் ஒருவருக்கொருவர் அறிமுகப்படுத்துபவரும் அதில் அடங்குவர். தரகர், இடையர் என எப்பெயரால் அழைக்கப்பட்டாலும் வேறுபாடில்லை. 9ஆம் பிரிவின்படி பதிவு பெறாமல் முகவர் செயல்படலாகாது. தமக்கு வழங்கப்பட்ட பதிவெண்ணைத் தாம் முடித்துத் தரும் ஒவ்வொரு விற்பனையிலும் அவர் குறிப்பிட வேண்டும். 10ஆம் பிரிவு கடமைகளை வரிசைப்படுத்துகிறது: பதிவு பெறாத திட்டத்தின் மனையை விற்க உதவலாகாது, கணக்கேடுகளைப் பேண வேண்டும், பொய்யான தோற்றம் தரும் முறையற்ற வணிகச் செயல்களில் ஈடுபடலாகாது, வாங்குபவருக்கு உரிய தகவல்களும் ஆவணங்களும் முன்பதிவின்போது கிடைக்க உதவ வேண்டும்.

வரலாற்று நோக்கில் இச்சட்டத்தின் மிகப் பெரிய மாற்றம் 31ஆம் பிரிவில் உள்ளது. பாதிக்கப்பட்ட எவரும் மேம்பாட்டாளர்மேல் மட்டுமன்றி முகவர்மேலும் குழுமத்திடம் முறையிடலாம் என்கிறது அது. 1872 முதல் தம்மை அமர்த்தியவருக்கு மட்டுமே விடைசொல்லி வந்த தரகர், முதன்முறையாக வாங்குபவருக்கும் விடைசொல்ல வேண்டியவர் ஆனார்.

8. குறுகிய கடமையும் சிறுமனையும்

ஆனால் இப்பதிவுக் கடமை எங்குப் பொருந்தும் என்பதை 9ஆம் பிரிவின் சொற்களே வரையறுக்கின்றன. திட்டமிடல் பகுதியில், பதிவு பெற்ற மனைத் திட்டத்தில், மேம்பாட்டாளர் விற்கும் மனைக்கே அது பொருந்துகிறது. ஒருமுறை விற்கப்பட்ட மனையை வாங்கியவர் மீண்டும் விற்கும் மறுவிற்பனை இவ்வரம்பில் வரவில்லை. உழவரிடமிருந்து உழவர் வாங்கும் வேளாண் நிலமும் வரவில்லை. மேலும், மேம்படுத்தப்படும் நிலப்பரப்பு 500 சதுர மீட்டருக்கு மிகாவிடில் திட்டத்திற்கே பதிவு தேவையில்லை என்கிறது 3ஆம் பிரிவு.

இந்த அளவைச் சென்ட்டில் மாற்றிப் பார்த்தால் அதன் பொருள் விளங்கும். ஒரு சென்ட் ஏறத்தாழ 40.47 சதுர மீட்டர். எனவே 500 சதுர மீட்டர் என்பது 12 சென்ட்டுக்குச் சற்றே மேல். தோட்டத்து முகப்பில் 12 சென்ட் நிலத்தை நான்கு சென்ட் வீதம் மூன்று மனைகளாகப் பிரித்து ஒருவர் விற்பதாகக் கொள்வோம். மொத்தப் பரப்பு சுமார் 486 சதுர மீட்டர். நகர் ஊரமைப்புச் சட்டத்தின்படி உட்பிரிவுக்கு ஒப்புதல் வேண்டும். எனினும் ரெரா பதிவு வேண்டியதில்லை. அம்மூன்று மனைகளையும் காட்டும் தரகர் பதிவு பெறாதவராக இருந்தாலும் 9ஆம் பிரிவு அவரைத் தொடாது. நகர அடுக்குமாடிகளை மனத்தில் கொண்டு வகுத்த விலக்கு, சிறுமனை விற்பனை மிகுந்த ஊர்களில் தரகரின் அன்றாடத் தொழிலில் பெரும்பகுதியை வெளியே நிறுத்திவிடுகிறது.

தண்டனையிலும் இவ்வேறுபாடு உண்டு. பதிவின்றிச் செயல்படும் முகவருக்கு நாள் ஒன்றுக்கு 10,000 ரூபாய் வீதம், தாம் விற்க உதவிய மனையின் விலையில் 5 விழுக்காடு வரை தண்டம் விதிக்கலாம் (பிரிவு 62). 15 இலட்ச ரூபாய் மனையாயின் உச்ச அளவு 75,000 ரூபாய். எட்டாம் நாளிலேயே அந்த உச்சம் எட்டப்பட்டுவிடும். திட்டத்தைப் பதிவு செய்யாத மேம்பாட்டாளருக்கோ திட்ட மதிப்பீட்டில் 10 விழுக்காடு வரை தண்டம் உண்டு. மனை சிறிதாகுந்தோறும் தண்டமும் சிறிதாகிறது. வாங்குபவரின் இழப்பு அவர் சேமிப்பு முழுவதும் என்பதை இக்கணக்கு கருதவில்லை.

முகவருக்கு இன்ன கல்வித்தகுதி வேண்டும், இன்ன தேர்வில் தேற வேண்டும் என்று நடுவண் சட்டம் விதிக்கவில்லை. மகாராட்டிரக் குழுமம் 2023இல் பயிற்சியையும் தகுதிச் சான்றையும் முகவர்களுக்குக் கட்டாயமாக்கியது. பதிவு என்பது பெயரையும் முகவரியையும் அறிவிப்பது. தகுதி என்பது அறிவைச் சோதிப்பது. இரண்டும் வேறுவேறு என்பதை அம்மாநிலத்தின் நடவடிக்கை உணர்த்துகிறது.

9. முகவராக விழைவோர்க்கான அடிப்படைகள்

மேற்கண்ட வரலாற்றிலிருந்து, கொங்கு வட்டாரத்தில் இத்தொழிலை மேற்கொள்வோர் கொள்ள வேண்டிய அறிவு எது என்பது தெளிவாகிறது. முதலாவது, உரிமையின் தொடர்ச்சி. மூலப்பத்திரத்திலிருந்து இன்றைய உரிமையாளர் வரை ஒவ்வொரு கைமாற்றமும் ஆவணத்தில் இணைய வேண்டும். பட்டாவும் வில்லங்கச் சான்றும் அதற்குத் துணை; மாற்று அல்ல.

இரண்டாவது, மகளிர் பங்கு. தமிழ்நாடு 1989இல் செய்த திருத்தம், அந்நாளில் திருமணமாகாத மகளிருக்கு இந்துக் கூட்டுக்குடும்பச் சொத்தில் பிறப்புரிமை அளித்தது. 2005ஆம் ஆண்டின் நடுவண் திருத்தம் அவ்வுரிமையை அனைத்து மகளிருக்கும் விரித்தது. தந்தை உயிரோடிருந்தாரா என்பது இதற்குத் தடையாகாது என 2020இல் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியது. ‘பொண்ணுகளுக்குச் சீர் செஞ்சாச்சு’ என்ற சொல்லை நம்பி ஆண்மக்களிடம் மட்டும் கையொப்பம் பெற்ற பூர்விகச் சொத்துக் கிரயங்கள் வழக்குக்கு இடமாகின்றன. சீர் கொடுத்தது விடுதலைப் பத்திரம் ஆகாது.

மூன்றாவது, சிறார் பங்கு. இந்துச் சிறாருக்கு உரிய தனிச்சொத்தை இயற்கைக் காப்பாளர் விற்க, 1956ஆம் ஆண்டின் இந்துச் சிறார் மற்றும் காப்பாளர் சட்டப்படி நீதிமன்ற இசைவு வேண்டும். நான்காவது, தடம். இட்டேரியோ வண்டித்தடமோ பொது வழியா, ஒருவர் நிலத்தில் மற்றவருக்குள்ள வழியுரிமையா என்பதைப் புல வரைபடத்தோடும் பத்திரத்தின் எல்லை விவரத்தோடும் ஒப்பிட்டே சொல்ல வேண்டும். ஐந்தாவது, தடை செய்யப்பட்ட நிலங்கள். பஞ்சமி நிலம், பூதான நிலம், கோயில் நிலம், உச்சவரம்பில் எடுக்கப்பட்ட நிலம் ஆகியவை எவ்வளவு மலிவாக வந்தாலும் தரகுக்கு உரியன அல்ல.

ஆறாவது, பணம். பதிவு பெற்ற உடன்படிக்கை இல்லாமல் மனை விலையில் 10 விழுக்காட்டுக்கு மேல் மேம்பாட்டாளர் பெறலாகாது என்பது ரெரா சட்டத்தின் 13ஆம் பிரிவு. அசையாச் சொத்துக்கான முன்பணத்தை 20,000 ரூபாய் அல்லது அதற்கு மேல் ரொக்கமாகப் பெறுவதற்கு வருமானவரிச் சட்டம் 2015 முதல் தடை விதித்தது. ஏழாவது, எழுத்து. யாருக்காகச் செயல்படுகிறார், கூலி எவ்வளவு, எப்போது, யாரிடமிருந்து என்பதை ஒரு தாளில் எழுதிக் கையொப்பம் பெறும் தரகர், 1872ஆம் ஆண்டுச் சட்டம் திறந்து வைத்த ஐயத்தைத் தாமே மூடிவிடுகிறார்.

முடிவுரை

நில விற்பனையை ஒழுங்குபடுத்த ஒன்றரை நூற்றாண்டுக்கு மேல் நடந்த முயற்சியில் ஆவணம் முதலிலும், மனைப்பிரிவு அடுத்தும், மனிதர் இறுதியிலும் சட்டத்தின் கண்ணில் பட்டனர். 1936இல் திருப்பூர்ப் பருத்தித் தரகருக்குக் கிடைத்த ஒழுங்கு, மனைத் தரகரை 2017இல்தான் வந்தடைந்தது. அப்போதும் மேம்பாட்டாளரின் பெருந்திட்டங்களோடு அது நின்றது. மறுவிற்பனையும் 12 சென்ட்டுக்குட்பட்ட சிறுபிரிவும் பெரிதும் பழைய ஒப்பந்தச் சட்டத்தின் நிழலிலேயே நடைபெறுகின்றன.

வரையறையின் அகலத்துக்கு ஏற்பக் கடமையையும் விரிப்பது இக்குறைக்கான நேரான தீர்வு. கூலி பெற்று மனை காட்டும் எவரும், மனை எவருடையதாயினும், எவ்வளவு சிறிதாயினும், பதிவு பெற வேண்டும் என்றும், அப்பதிவுக்கு முன் அடிப்படைச் சட்ட அறிவு சோதிக்கப்பட வேண்டும் என்றும் மாநில அளவில் வகுக்கலாம். நிலத்தைச் சார்ந்த உரிமைகளும் ஒப்பந்தங்களும் மாநிலப் பட்டியலிலும் பொதுப் பட்டியலிலும் அமைந்திருப்பதால், தமிழ்நாடு சட்டமன்றம் இதனைக் கருதுவதற்கு இடமுண்டு. அதுவரை, சோமனூர்த் தறிக்கூடத்தில் சேர்ந்த சேமிப்புக்குக் காவல், பத்திரத்தைப் பிழையறப் படிக்கத் தெரிந்து, படித்ததை மறைக்காமல் சொல்லும் தரகரே ஆவார். உரிமம் அவருக்குத் தொழில் செய்ய அனுமதி தரும். வாங்குபவருக்கு அவர் செய்ய வேண்டிய கடமையை அவர் கற்ற சட்டமே நிறைவேற்றும்.